பெயர் சொல்லிக் கூப்பிடும் கம்பெனி

கார்முகிலின் தாடையை உடைத்தது ஒரு வீல் ஸ்பேனர். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் நீளமானது அல்ல, வேனோடு வரும் குட்டையானது. முதல் அடி காதுக்குக் கீழே விழுந்தது. டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தான். இரண்டாவது அடியில் பெஞ்சோடு சேர்ந்து சாய்ந்தான். பிறகு கோவிந்தசாமி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் காலால் உதைத்தார். உதைத்துக்கொண்டே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"யாரடா கூப்புட்ட? இன்னான்னுடா கூப்புட்ட?"

கார்முகில் கூப்பிட்டது 'கோவிந்தசாமி' என்று. அவருடைய பெயர் அதுதான். ஆனால் பெண்ணாடம் சாலையில் இருக்கும் அந்த ஊரில், ஊர்த்தெருவின் டீக்கடை வாசலில், காலனியிலிருந்து வந்த ஒருவன் அந்தப் பெயரை வெறும் பெயராக அதுவரை சொன்னதில்லை. கோவிந்தசாமிக்கு ஐம்பது வயதுக்கு மேல். கார்முகிலுக்கு இருபத்தாறு. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள், உதைக்க வசதியாக.

அவன் வாயில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கம்பெனியின் கதையைச் சொல்ல வேண்டும்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு ஃபியூஸ் கேரியர் கம்பெனியை வாடகைக்கு எடுத்து, ஏசி போட்டு, கம்ப்யூட்டர் வைத்து அந்த ஆபீஸைத் தொடங்கியவர் சென்னையைச் சேர்ந்த கனிமொழி. பழைய சூளையின் புகைபோக்கியை இடிக்கவில்லை. முற்றத்தில் குவிந்து கிடந்த உடைந்த பீங்கானையும் அள்ளவில்லை. வேலை இதுதான்: வெளிநாட்டு ரோடுகளின் படங்கள் வரும். அதில் எது ஆள், எது மரம், எது நாய் என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். டிரைவர் இல்லாமல் ஓடும் கார்களுக்கு அதுதான் பாடம். சுற்று வட்டாரத்தில் டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்த பெண்களும் பையன்களும் சேர்ந்தார்கள்.

கார்முகில் அதற்கு முன்னால் அதே பேட்டையில் இன்சுலேட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் இருந்தான். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவன், சூளையிலிருந்து சரக்கு இறக்கினான். அங்கே சூப்பர்வைசருக்கு ஒரு பழக்கம். யாராவது ஒரு பீஸை உடைத்துவிட்டால், உடைந்த துண்டாலேயே அவர்கள் விரல் மூட்டில் தட்டுவார். ஒருநாள் கார்முகில் வண்டியை மெதுவாகத் தள்ளினான் என்று, சூடு ஆறாத இன்சுலேட்டர் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்து மூடிப் பிடித்துக்கொண்டார். "சூடு தெரியுதா? அப்ப சூடா வேல பாரு" என்றார். உள்ளங்கைத் தோல் பீங்கானோடு போய்விட்டது. பக்கத்து யூனிட்டில் பீங்கானை மெருகுக் கலவையில் முக்கும் வேலையிலிருந்த அவன் அக்கா செல்வநாயகி ஓடிவந்து, கலவை ஒட்டிய கையோடு சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தாள். அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளைப் போல முக்குவதற்கு வேறு ஆள் கிடைக்காது. தம்பியை நிறுத்தினார்கள்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனைப் படிக்கவைத்தவள் அவள். கட்டியவனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து தம்பியோடு இருந்தாள்.

புது ஆபீஸில் சேரப் போன அன்று கதவருகே நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்று கேட்டான் கார்முகில். இங்கே மேடம், சார், அண்ணே எதுவும் கிடையாது, எல்லாருக்கும் பெயர் மட்டும்தான் என்றார் கனிமொழி. "என்னக் கனிமொழின்னு கூப்பிட்டுட்டு உள்ள வாங்க." அவன் நின்றுகொண்டே இருந்தான். பின்னால் இருந்தவர்கள் அவனைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்று சாயங்காலம் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததாகப் பிறகு மஹிராவிடம் சொல்லியிருக்கிறான். மஹிரா அவனுக்கு அடுத்த நாற்காலி. விருத்தாசலம் டவுனில் அவர்களுக்குச் செருப்புக் கடை.

ஆபீஸில் தவறி யாராவது 'சார்' சொல்லிவிட்டால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். 'நான் சார் சொன்னேன்' என்று அதில் எழுதியிருக்கும். சாயங்காலம் வரை கழற்றக் கூடாது. முதல் மாதத்தில் அட்டை பெரும்பாலும் காலனிப் பிள்ளைகளின் கழுத்தில்தான் கிடந்தது. ஊர்த்தெருப் பையன்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் காலனிப் பெரியவர்களைக்கூடப் பெயர் சொல்லியே வளர்ந்தவர்கள். கார்முகில் மட்டும் சீக்கிரம் பழகிக்கொண்டான். பழகிக்கொண்டான் என்பதைவிட அதில் குடியேறிவிட்டான் என்று சொல்லலாம். புதிதாகச் சேர்பவர்களை வாசலில் நிறுத்திப் பெயர் சொல்லப் பழக்குவது அவன் பொறுப்பாயிற்று.

முடிவெடுப்பதும் அப்படித்தான். மேனேஜர் கிடையாது. திங்கட்கிழமை எல்லாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். யார் வேண்டுமானாலும் ஒன்றை முன்வைக்கலாம். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அது முடிவு. ஒரே ஒருவர் கையைத் தூக்கிக் காரணம் சொன்னால்கூடப் போதும், அது நின்றுவிடும். வட்டத்தை நடத்துபவரைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள்.

செல்வநாயகிக்கு இது சிரிப்பாக இருந்தது.

"எல்லாரும் ஒண்ணுன்னா கக்கூஸு யாருடா கழுவறது?"

"மொற வெச்சிக் கழுவறம்க்கா. எல்லாரும்."

"தமிழ்ச்செல்வனுமா?"

கார்முகில் காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தமிழ்ச்செல்வன் ஊர்த்தெருப் பையன், கோவிந்தசாமியின் அண்ணன் மகன். அவன் முறை வரும்போதெல்லாம் காலனிப் பிள்ளை யாராவது ஒருவர் மாற்றிக்கொள்வார். மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம் என்று விதியிலேயே இருந்தது.

"மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட்டாள்.

ஆபீஸுக்கு ஆள் ஏற்றிவரும் வேன் கோவிந்தசாமியுடையது. ஊர்த்தெரு டீக்கடையோடு திரும்பிவிடும். காலனிப் பெண்கள் ஐப்பசி மழையிலும் அங்கே நடந்து வந்துதான் ஏற வேண்டும். வருகிற வழியில் ஊர்த்தெருப் பையன்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரவேண்டும். வட்டத்தை நடத்தும் பொறுப்பு கார்முகிலுக்கு விழுந்தபோது அவன் முதலில் முன்வைத்தது இதைத்தான்: வேன் காலனி முனைவரை வர வேண்டும். ஆட்சேபம் உண்டா என்று கேட்டான். தமிழ்ச்செல்வன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையும் எழவில்லை. முடிவாயிற்று. வேன்காரரிடம் சொல்லும் வேலை நடத்துபவருடையது.

ஆபீஸ் கேட்டுக்குள் கோவிந்தசாமியையும் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "கோவிந்தசாமி, வண்டிய எடுக்கலாமா?" என்றால், "எடுத்துட்டாப் போவுது" என்று சிரிப்பார். பட்டணத்து அம்மாவின் விளையாட்டு. அதில் தனக்கும் வாடகை வருகிறது. கார்முகிலும் உள்ளே அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். அப்போதும் சிரித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அவன் டீக்கடை முன்னால் வந்து, "கோவிந்தசாமி, இன்னையிலேருந்து வண்டி காலனி மொனைக்கும் வரணும். வட்டத்துல முடிவாயிருக்குது" என்றான். வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னானா என்று பிறகு போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், மஹிராவும் கேட்டாள். அவன் யாருக்கும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

தமிழ்ச்செல்வன் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். அடித்து முடித்த பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டான். கார்முகில் ரத்தத்தோடு இரண்டு பற்களைத் துப்பியது அந்த டயருக்குப் பக்கத்தில்தான். வேன் அவனைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பியது. அன்றைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் அவன் மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டும். பேசவே கூடாது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதற்குச் செல்வநாயகி ஸ்டேஷன் வாசலில் பகல் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. வழக்குப் பதிவானதே தவிர கோவிந்தசாமியை யாரும் பிடிக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அவர் தினமும் காலையில் வேனை ஓட்டிக்கொண்டு அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் பேட்டைக்குப் போனார். காலனியில் அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் கல் விழ ஆரம்பித்தது. பட்டப்பகலிலேயே விழுந்தது. யார் வீசியது என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கை வாபஸ் வாங்கும்வரை விழும் என்று சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்லமுத்துவின் ஆட்டுக்குட்டி முதுகெலும்பு முறிந்து செத்த பிறகு, காலனியிலேயே சிலர் வாபஸ் வாங்கிவிடேன் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

கார்முகில் மண்டையை மட்டும் ஆட்டுவான். கம்பி கட்டிய முகத்தில் அது ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. செல்வநாயகிக்குப் புரியும்.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் அவன் டவுன் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போனான். அன்று திங்கட்கிழமை. கனிமொழி சென்னையிலிருந்து வந்திருந்தார். அவனைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை. ஆனால் வட்டத்தில் அவரே ஒன்றை முன்வைத்தார்: இரண்டு பக்கமும் வருத்தம் தெரிவித்துக்கொள்வது, கார்முகில் வழக்கைத் திரும்பப் பெறுவது, வேன் காலனி முனைவரை வருவது. இது மேலிருந்து வரும் உத்தரவு இல்லை, நாமே பேசி நாமே முடிவெடுப்போம் என்றார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

காலனிப் பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன் வந்துவிடும் என்ற சொல் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

கார்முகில் கையைத் தூக்கினான்.

"காரணத்த வாயத் தொறந்து சொல்லணுமில்ல?" என்றான் தமிழ்ச்செல்வன். "ரூலு அதான. சொல்லச் சொல்லுங்க கனிமொழி."

இரண்டு பேர் சிரித்தார்கள். மஹிரா எழுந்தாள். அவன் எழுதிக் காட்டட்டும், நான் படிக்கிறேன் என்றாள். அப்படி விதியில் இல்லை என்றான் தமிழ்ச்செல்வன். விதியில் ஆளை அடிக்கலாம் என்று இருக்கிறதா என்று கேட்டாள் அவள். கார்முகில் போனில் அடித்துக் காட்டியதை அவள் உரக்கப் படித்தாள்.

"நான் வருத்தப்பட ஒண்ணும் செய்யல. வட்டம் சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

கையும் தூக்கியாயிற்று, காரணமும் சொல்லியாயிற்று. விதிப்படி அது அங்கேயே நிற்க வேண்டும். கனிமொழி நாற்காலியை வட்டத்திலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இத வட்டம் முடிவு பண்ண முடியாது. கம்பெனிதான் முடிவு பண்ணும்."

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள், ஊரில் தகராறு என்று தெரிந்தால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், இத்தனை பேர் வயிறு என்று விளக்கினார். வழக்கு முடியும்வரை கார்முகில் ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை. அவனுடைய லாகினை நிறுத்தியாயிற்று. அவன் வட்டத்தில் கையைத் தூக்குவதற்கு முன்பே அதை நிறுத்தியிருந்தார்கள். மஹிரா தன் மேசைக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். அவன் திரை கறுப்பாக இருந்தது.

கார்முகில் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தமிழ்ச்செல்வன் பின்னால் வந்து, "சொன்னாக் கேட்டுக்கணும்ப்பா" என்று நாற்காலியை இழுத்தான். கார்முகில் முன்பக்கமாக விழுந்தான். தாடை தரையில் இடித்தது. கம்பி ஒன்று பிய்ந்து உதட்டுக்குள் ஏறியது. எழுந்தபோது மோவாயிலிருந்து சட்டை வரைக்கும் சிவப்பாக இருந்தது. அவன் வலது கை முஷ்டியாகித் தோளுக்கு மேல் போய்விட்டது. தமிழ்ச்செல்வன் விலகவில்லை. முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தான்.

"அடிச்சிடாதீங்க கார்முகில்" என்றாள் மஹிரா. "ஜன்னலப் பாருங்க."

முற்றத்தில் கோவிந்தசாமி நின்றிருந்தார். கூட நாலைந்து ஆட்கள். ஒருவன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கார்முகில் ஓர் அடி அடித்தால் போதும். அவன்மீது எதிர்வழக்குப் போடலாம். பிறகு இரண்டையும் நேர்செய்து இரண்டையும் மூடலாம். அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

அவன் முஷ்டியைப் பிரித்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

முற்றத்தைக் கடந்தால் கேட். அவ்வளவு தூரத்துக்கு அவனை அடித்தார்கள். ஒருவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான், விழுந்து எழுந்தான். ஒருவன் காறித் துப்பினான். கோவிந்தசாமி அவன் மோவாயைப் பிடித்து, கம்பி கட்டிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். "இப்ப கூப்புடு. கூப்புடு பாக்கலாம்." கார்முகிலின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தம் மாதிரியே இல்லை என்று ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் கைகள் பின்னாலேயே இருந்தன. ஒரு கை விரல்கள் மற்றொரு கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்து தோல் கிழிந்திருந்தது. படம் பிடித்தவன் இன்னும் கிட்டத்தில் வந்தான். பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆபீஸ் முற்றத்துக்கும் செல்வநாயகி வேலை பார்த்த யூனிட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் இடுப்பு உயரம்தான். அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. முக்கிக்கொண்டிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு அவள் சுவரைத் தாண்டினாள். முற்றத்துக் குவியலிலிருந்து, மின்கம்பத்தில் மாட்டும் கனத்த இன்சுலேட்டர் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினாள். யாரையும் திட்டவில்லை. கோவிந்தசாமியின் வலது முழங்காலில் போட்டாள். அவர் உட்காரவில்லை, மடங்கி விழுந்தார். மறுபடி தூக்கி அதே முழங்காலில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தமும் பீங்கான் உடைந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. மூன்றாவது முறை தூக்கியபோது, அதுவரை பின்னால் கோத்திருந்த கைகளை விடுவித்துக் கார்முகில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் திமிறினாள். தம்பியின் ரத்தம் அவள் முகமெல்லாம் ஆனது.

எல்லாம் படமாகியிருந்தது. போலீஸிடம் கொடுத்த வீடியோவில் தமிழ்ச்செல்வன் இல்லை, உதைத்தவர்கள் இல்லை. அவள் சுவரைத் தாண்டுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கார்முகிலிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இவள்மீது கொலை முயற்சி. ரிமாண்ட். உங்கள் வழக்கில் என்ன நடக்குமோ தெரியாது, இதில் வீடியோ இருக்கிறது. அவர்கள் தரப்பு பெரிய மனசு பண்ணி இதை விட்டுவிடத் தயார். நீங்களும் அதை விட்டுவிடுங்கள். வாபஸ் மனுவை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கனிமொழி வக்கீலோடு வந்திருந்தார். "உக்காருங்க மேடம்" என்று எஸ்.ஐ. நாற்காலியைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். மற்றவர்கள் நின்றார்கள். வாபஸ் வாங்கினால் கார்முகிலை மறுநாளே வேலையில் சேர்த்துக்கொள்வதாகவும், அக்காவுக்கு வேண்டியதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றும் அவர் மெதுவான குரலில் சொன்னார். ஆபீஸில் இனி ஒரு மேனேஜர் இருப்பார், இந்த மாதிரி நடக்க விடமாட்டோம் என்றும் சொன்னார். யார் மேனேஜர் என்று மஹிரா கேட்டதற்கு, உள்ளூர் ஆட்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் என்றார். தமிழ்ச்செல்வன் கதவருகே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்முகில் பேனாவை எடுத்தான். வேலைக்காக இல்லை. சுவரோரம் தரையில் உட்காரவைத்திருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தான். அவள் விரல்களில் மெருகுக் கலவை வெள்ளையாகக் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

"வெய்யிடா அத" என்றாள் செல்வநாயகி.

அவன் வைக்கவில்லை. தாளைக் குனிந்து பார்த்தான்.

"டேய். நீ அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டீன்னா நான் வெளிய வந்து அந்தாளோட இன்னொரு முட்டியப் பாக்கமாட்டன். ஒன்னோடதத்தான் ஒடைப்பன். நான் அடிச்சது நெசம். உள்ள போறன். அவன் அடிச்சதும் நெசந்தான? அவனும் போவட்டும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர விடறதுக்கு நான் ஒண்ணும் ஆடு இல்ல."

பெண் போலீஸ் அவளைப் பேசாதே என்றார். அவள் பேசினாள்.

"ஒனக்கு அவன் ஜெயிலுக்குப் போவணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

கார்முகிலின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் மனுவின் மேல் சொட்டியது. எஸ்.ஐ. முகத்தைச் சுளித்துத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கார்முகில் பேனாவை மேசையில் வைத்தான். பிறகு கனிமொழியைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினான். இந்த முறை ஸ்டேஷனில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். மஹிரா வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டாள் செல்வநாயகி. கார்முகில் ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள் எரிந்து விழுந்தாள்.

"வூட்டுக்குப் போ மொதல்ல. கோழியெல்லாம் வெளிய திரியும். புடிச்சிக் கூட்டுல அட. போறப்ப ஆஸ்பத்திரியில அந்தக் கம்பியக் காட்டிட்டுப் போ."

ஜீப் கிளம்பியது. அவன் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினான். உதை வாங்கிய முழங்கால் மடங்கியது, நின்றுவிட்டான். மஹிரா ஸ்கூட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். உள்ளே எஸ்.ஐ. ரத்தம் சொட்டிய மனுவைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் கேட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தசாமியைக் கடலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கைது செய்ததாக எழுத வேண்டும். செல்வநாயகியைப் பிடித்துவிட்டு அவரை விட்டால் இனிமேல் கோர்ட்டில் கேள்வி வரும்.